தெருவில் ஓடிய எஞ்சினை வானில் ஏற்றியவர்

பத்தாம் வகுப்பு மாணவி, செஞ்சி

செஞ்சியில் வாழும் நமக்குப் பருந்து புதிய பறவை அன்று. இராஜகிரிக் கோட்டையின் உச்சியைச் சுற்றி அது சிறகடிக்காமல் வட்டமிடுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்த எந்த மனிதனுக்குத்தான் பறக்க ஆசை வராது? ஆனால் ஆசை மட்டும் போதுமா? இறக்கை செய்து கட்டிக்கொண்டு உயரமான இடங்களிலிருந்து குதித்தவர்கள் உலக வரலாற்றில் பலர் உண்டு. அவர்களுள் கை கால் முறிந்தவர்களே மிகுதி. பறவைக்கு இறக்கையோடு, அதை அசைக்கும் வலிமையும் மார்புத் தசையில் இருக்கிறது. மனிதனுக்கு அந்த வலிமை இல்லை. அதை அவன் ஓர் இயந்திரத்திடம்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது தெரியுமா, தோழியரே? தெருவிலிருந்து வந்தது! தெருவில் புகை விட்டுக்கொண்டு ஓடிய மோட்டார் வண்டியின் எஞ்சினே மனிதனை அவன் விரும்பிய திசையில் வானில் கொண்டு சென்றது. அந்த அரிய செயலைச் செய்தவர்களுள் தலைசிறந்தவர் பிரேசில் நாட்டில் பிறந்த அல்பெர்ட்டோ சாண்டோஸ் டூமோன். அவருடைய வாழ்வை என் சிறிய அறிவுக்கு எட்டிய அளவில் இங்கே எழுத முற்படுகிறேன்.

பிறப்பும் இளமையும்

சாண்டோஸ் டூமோன் 1873ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் பிரேசிலில், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்துப் பால்மிரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்ரிக் டூமோன் ஒரு பொறியாளர். பின்னர் சாவோ பவுலோ பகுதியில் பெரிய காப்பித் தோட்டம் ஒன்றை உருவாக்கி, காப்பி அரசர் என்று மக்கள் அழைக்கும் அளவுக்கு உயர்ந்தார். எட்டுப் பிள்ளைகளுள் நம் அல்பெர்ட்டோ ஆறாவது பிள்ளை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஏழு வயதிலேயே தோட்டத்தில் ஓடிய நீராவி வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டார் அல்பெர்ட்டோ. பன்னிரண்டு வயதில், காப்பி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் தோட்டத்து ரயில் எஞ்சினையே ஓட்டினார். காப்பிக் கொட்டையைச் சலிக்கும் இயந்திரங்களையும் உற்று நோக்கினார். முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள் அடிக்கடி உடைவதையும், வட்டமாகச் சுழலும் உறுப்புகள் நீடித்து உழைப்பதையும் அந்த வயதிலேயே கண்டுகொண்டார். ஆட்டமும் அதிர்வுமே இயந்திரத்தின் பகைவர்கள் என்னும் இந்தப் பாடம் பின்னாளில் அவர் உயிரையே காத்தது எனலாம்.

நம் ஊர்ச் சிறுவர்கள் காக்கை பறக்கும், குருவி பறக்கும் என்று சொல்லி விளையாடுவதைப் போல, பிரேசில் சிறுவர்களுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒவ்வொரு பிராணியின் பெயராகச் சொல்வார். பறப்பதன் பெயர் வந்தால் விரலை உயர்த்த வேண்டும். பறக்காததற்கு உயர்த்தினால் அபராதம். மனிதன் என்று சொல்லும்போதெல்லாம் அல்பெர்ட்டோ விரலை உயர்த்துவார். தோழர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அபராதம் கட்டவும் அவர் மறுத்துவிடுவார்! ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கற்பனைக் கதைகளைப் படித்து, அவற்றில் வரும் வான் பயணங்கள் எல்லாம் நிகழக்கூடியவையே என்று நம்பிய பிள்ளை அவர்.

பாரிஸ் பயணம்

தந்தை ஒரு விபத்தில் அடிபட்டு வாதத்தால் நலிவுற்றார். சிகிச்சைக்காக 1891ஆம் ஆண்டு குடும்பத்தார் பிரான்ஸ் சென்றனர். பாரிஸ் மாநகரில் ஒரு பொருட்காட்சியில் பெட்ரோல் எஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அல்பெர்ட்டோ அதன்முன் கட்டுண்டவர்போல் நின்றுவிட்டார். கொதிகலன் இல்லை, நிலக்கரி மூட்டை இல்லை, தண்ணீர்த் தொட்டியும் சுமக்க வேண்டியதில்லை. நீராவி எஞ்சினோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது! அவ்வாண்டிலேயே பெஜோ கம்பெனியின் மோட்டார் கார் ஒன்றை வாங்கினார். ஓட்டுவதற்காக மட்டுமன்று, கழற்றிப் பார்த்து அறிந்துகொள்வதற்காகவும் வாங்கினார்.

தம் நாள் நெருங்குவதை உணர்ந்த தந்தை, பதினெட்டு வயது மகனுக்குச் சொத்தில் உரிய பங்கைப் பிரித்துக் கொடுத்தார். பாரிஸுக்குச் சென்று இயற்பியலும் வேதியியலும் இயந்திரவியலும் மின்னியலும் கற்கும்படியும், பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் மனிதகுலத்துக்குப் பயன்படும்படி வாழும்படியும் அறிவுறுத்தினார். 1892ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். செல்வத்தைக் கொடுத்த தந்தையர் பலர். அதைச் செலவிட ஒரு நல்ல நோக்கத்தையும் சேர்த்துக் கொடுத்த தந்தை இவர்.

எடை என்னும் எதிரி

அக்காலத்தில் பலூன்கள் இருந்தன. ஆனால் பலூன் காற்றின் அடிமை. காற்று எத்திசையில் வீசுகிறதோ அத்திசையில்தான் போகும். பலூனை நீள்வடிவமாகச் செய்து, அதன் கீழே எஞ்சினையும் புரொபெல்லர் என்னும் சுழல்விசிறியையும் பொருத்தினால் நினைத்த இடத்துக்குச் செல்லலாம். அதுவே ஆகாயக் கப்பல். இதை முன்பே முயன்றவர்கள் நீராவி எஞ்சினையும் மின்கலத்தையும் பயன்படுத்தினார்கள். இரண்டுமே மிகுந்த எடை. இராஜகிரிப் படிகளில் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிவாரத்தில் பொருட்டாகத் தோன்றாத சிறு பை, உச்சியை நெருங்கும்போது பாறாங்கல்லாய்க் கனக்கிறதல்லவா? வானில் ஏறும் வண்டிக்கும் அப்படியே. ஒவ்வொரு கிராமும் பகை.

சாண்டோஸ் டூமோன் புதிய எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடிக்கக் காத்திருக்கவில்லை. தெருவைப் பார்த்தார். டி டியோன் பூட்டோன் என்னும் கம்பெனி செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் அப்போது பாரிஸ் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அதன் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. ஒன்றே முக்கால் குதிரைத்திறன் உடையது. அத்தகைய இரண்டு எஞ்சின்களை எடுத்து, ஒரு சிலிண்டரின் மேல் மற்றொன்றை அமைத்து, இரண்டுக்கும் ஒரே கார்புரேட்டரை வைத்தார். வேண்டாத உறுப்புகளை எல்லாம் நீக்கினார். மூன்றரைக் குதிரைத்திறன் கிடைத்தது. எடையோ 30 கிலோ மட்டுமே!

ஒரு வேலைக்குச் செய்த எஞ்சினை வேறு வேலைக்கு மாற்றுவது நம் நாட்டு மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. பழைய ஸ்கூட்டரின் எஞ்சினைச் சென்னையில் மீன்பாடி வண்டியில் பொருத்தி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாண்டோஸ் டூமோன் செய்ததும் அத்தகையதே. ஆனால் அவர் வண்டி நடுவழியில் நின்றால் இறங்கித் தள்ள முடியாது!

மரத்தில் தொங்கிய வண்டி

ஆகவே அவர் அவசரப்படவில்லை. புதிய எஞ்சினை முதலில் மூன்று சக்கர வண்டியிலேயே பொருத்தித் தெருவில் ஓட்டினார். நன்றாக ஓடியது. ஆனால் அதிர்வு? தரையில் ஓடும்போது ஏற்படும் குலுக்கல் சாலையால் வருகிறதா, எஞ்சினால் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருநாள் விடியற்காலையில் பாரிஸின் பூலோன் பூங்காவிற்கு வண்டியைக் கொண்டு சென்றார். தடித்த மரக்கிளை ஒன்றில் மூன்று கயிறுகளைக் கட்டி, வண்டியைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தித் தொங்கவிட்டார். அதில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். தொங்கும் வண்டியில் குலுக்கல் ஏறக்குறைய இல்லை! குற்றம் சாலையினுடையதே என்பது தெளிவாயிற்று. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடமோ விலை உயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. மூன்று கயிறும் ஒரு மரமும் போதுமானவையாக இருந்தன. அறிவியல் என்பது சரியான கேள்வியைக் கேட்டு, அதற்கு எளிய சோதனையைக் கண்டுபிடிப்பதே என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆயினும் நண்பர்கள் அஞ்சினர். பலூனில் நிரப்பும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் வாயு. அதன் அடியிலேயே நெருப்புப் பொறி பறக்கும் எஞ்சினா? அவரோ புகைக் குழாயைக் கீழ்நோக்கி வளைத்து, எஞ்சினைப் பலூனிலிருந்து தள்ளி அமைத்துத் துணிந்து ஏறினார். அவரது உருவமும் அதற்கு உதவியது. சிறிய உடல், ஏறக்குறைய 50 கிலோ எடைதான்.

1898ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் முதல் முயற்சி. பிறர் சொல் கேட்டுக் காற்றின் திசையிலேயே புறப்பட்டதால், கப்பல் மரங்களில் மோதிக் கிழிந்தது. இரண்டே நாளில் அதைச் செப்பனிட்டு, செப்டம்பர் 20ஆம் நாள் தாம் நினைத்தபடியே காற்றை எதிர்த்துப் புறப்பட்டார். கப்பல் வலமும் இடமும் அவர் சொற்படி திரும்பியது. ஆனால் கீழே இறங்கும்போது பலூன் சுருங்கி நடுவில் மடிந்து வேகமாக விழத் தொடங்கியது. கீழே திடலில் சிறுவர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடும்படி அவர்களை நோக்கிக் கூவினார். பட்டம் விடுபவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கவா வேண்டும்? உடனே பிடித்து ஓடினார்கள். கப்பல் பட்டம்போல் தாங்கி நின்று மெல்ல இறங்கியது. அவர் உயிர் பிழைத்தார்.

ஐஃபெல் கோபுரப் பந்தயம்

1900ஆம் ஆண்டில் ஹென்றி டாய்ச் என்னும் செல்வர் ஒரு பரிசை அறிவித்தார். பாரிஸின் புறத்தே உள்ள சாங் குளூவிலிருந்து புறப்பட்டு, ஐஃபெல் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, 30 நிமிடங்களுக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். தூரம் 11 கிலோ மீட்டர். பரிசு ஒரு லட்சம் பிராங்க்!

1901ஆம் ஆண்டு ஜூலையில் முயன்றபோது எஞ்சின் நின்று, கப்பல் ஒரு தோட்டத்துப் பெரிய மரத்தில் சிக்கிக்கொண்டது. அருகில் வசித்தவர் இளவரசி இசபெல். பிரேசில் பேரரசரின் மகளாகிய இவர், 1888இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். மரத்தின் மேல் பழுது பார்த்துக்கொண்டிருந்த தம் நாட்டு இளைஞருக்கு அவர் உணவு அனுப்பினார். சில நாட்களில் புனித ஆசீர்வாதப்பர் பதக்கம் ஒன்றையும் அனுப்பி வைத்தார். சாண்டோஸ் டூமோன் அதை மணிக்கட்டில் சங்கிலியில் கோத்து அணிந்துகொண்டார். பதக்கம் கைக்கு வந்த சில நாட்களிலேயே, ஆகஸ்டு 8ஆம் நாள், வாயு கசிந்து கப்பல் ஒரு கட்டடத்தின் கூரையில் மோதிச் சிதறியது. உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவரைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டு மீட்டனர். ஒரு கீறலும் இல்லை!

அன்று மாலையே அடுத்த கப்பலுக்கான வேலையைத் தொடங்கிவிட்டார். அக்டோபர் 19ஆம் நாள் ஆறாம் எண் கப்பல் புறப்பட்டது. கோபுரத்தைச் சுற்றித் திரும்பும் வழியில் எஞ்சின் நிற்கப்போவதுபோல் தடுமாறியது. அவர் பதறாமல் கார்புரேட்டரையும் தீப்பொறியையும் சரிசெய்து மீண்டும் வேகம் எடுக்க வைத்தார். 29 நிமிடம் 30 விநாடியில் எல்லைக் கோட்டைத் தாண்டினார். ஆனால் கயிற்றைப் பிடித்து இறங்குவதற்குள் 30 நிமிடம் கடந்துவிட்டது என்று நடுவர்கள் வாதிட்டனர். பாரிஸ் மக்கள் கொதித்தெழுந்தனர். இறுதியில் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது.

அந்தப் பெருந்தொகையில் ஒரு காசையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பகுதியைத் தம் பட்டறைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். மறுபகுதியைப் பாரிஸ் ஏழைகளுக்குக் கொடுத்தார். வறுமையால் தொழிற்கருவிகளை அடகு வைத்திருந்த தொழிலாளர்கள் அவற்றை மீட்டுக்கொள்ள அந்தப் பணம் பயன்பட்டது. சோறு போடுவது நல்ல தர்மம். சோறு சம்பாதிக்கும் கருவியை மீட்டுத் தருவது அதனினும் பெரிது. எஞ்சினும் திருப்புளியும் பிடித்துப் பழகிய கைக்குத்தான் இது தோன்றும்.

வானில் ஒரு பெண்

அடுத்து நான் சொல்லப்போவது நமக்கு மிகவும் பெருமை தரும் செய்தி. அவருடைய ஒன்பதாம் எண் கப்பல் மிகச் சிறியது. அதில் பறந்து வந்து, தம் வீட்டு வாசலில் அதைக் கட்டிவிட்டு உள்ளே சென்று காப்பி குடிப்பார். 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் வந்திருந்த அயிடா டி அகோஸ்டா என்னும் இளம்பெண்ணுக்கு அதை இயக்கக் கற்றுக் கொடுத்தார். சில பாடங்களுக்குப் பின் அந்தப் பெண் தன்னந்தனியே அதில் ஏறிப் பறந்தாள். கீழே சாண்டோஸ் டூமோன் சைக்கிளில் துரத்திக்கொண்டு சென்று கைகாட்டி வழி சொன்னார். எஞ்சின் பொருத்திய வான்கலத்தைத் தனியே ஓட்டிய முதல் பெண் அவளே. ரைட் சகோதரர்களின் விமானம் எழும்புவதற்கு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன்பே இது நடந்தது!

ஆனால் பெற்றோர் கடுங்கோபம் கொண்டனர். செய்தி பரவினால் குடும்ப மானம் போகும் என்று அஞ்சி அதை மறைத்துவிட்டனர். அவளும் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. பிற்காலத்தில் கண்ணோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்த அவர், அமெரிக்காவின் முதல் கண் வங்கியை நடத்தும் பொறுப்பேற்றுப் பலருக்குப் பார்வை கிடைக்க உழைத்தார். வானத்தில் காட்டிய துணிவு வீண் போகவில்லை.

கழுதை இழுத்த விமானம்

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் விமானத்தில் பறந்தனர். அவர்களும் முதலில் மோட்டார் கம்பெனிகளுக்கே எஞ்சின் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். தகுந்த எஞ்சின் கிடைக்காததால், அவர்களது சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றைக் கடையிலேயே செய்து கொடுத்தார். அதன் எடை ஏறக்குறைய 80 கிலோ.

வாயுவின் துணையில்லாமல் இறக்கையால் மட்டும் பறக்க வேண்டும் என்று சாண்டோஸ் டூமோனும் முனைந்தார். 1906ஆம் ஆண்டில் பதினான்கு பிஸ் என்னும் விமானத்தைச் செய்தார். அதன் சமநிலையைச் சோதிக்க, உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதில் விமானத்தைத் தொங்கவிட்டு, ஒரு கழுதையைக் கொண்டு இழுக்கச் செய்தார். ஊரார் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. இதற்குப் பொருத்திய அந்துவானெட் எஞ்சின், விசைப்படகுப் பந்தயங்களுக்காகச் செய்யப்பட்டது. முதலில் 24 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தார், போதவில்லை. பிறகு 50 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தார்.

அக்டோபர் 23ஆம் நாள் மக்கள் கூட்டத்தின் முன் அந்த விமானம் தன் சக்கரங்களில் ஓடி எழும்பி 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12ஆம் நாள் 220 மீட்டர் பறந்தது. முதலில் பறந்தவர் யார் என்பதில் பிரேசில் மக்களுக்கும் அமெரிக்கருக்கும் இன்றும் வழக்கு உண்டு. காலத்தால் முந்தியவர்கள் ரைட் சகோதரர்களே. ஆனால் ஊரறிய, பலர் பார்க்க, ஐரோப்பாவில் முதன்முதலில் பறந்து காட்டியவர் சாண்டோஸ் டூமோன்.

எடை எவ்வாறு குறைந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1898இல் ஒரு குதிரைத்திறனுக்கு எட்டரைக் கிலோவுக்கு மேல் இரும்பைச் சுமந்தார். எட்டே ஆண்டுகளில் அது ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் குறைந்துவிட்டது. விமானம் பிறந்த இரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தும்பி போன்ற சிறு விமானம்

அவருடைய படைப்புகளுள் எனக்கு மிகவும் பிடித்தது டெமோய்செல். பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்றும் தும்பி என்றும் அதற்குப் பொருள். 1907இல் தொடங்கி 1909இல் திருத்தமான வடிவம் பெற்ற இந்த விமானத்தின் உடல் மூங்கிலால் ஆனது. இறக்கையில் பட்டுத்துணி. ஓட்டுபவர் இறக்கைக்கு அடியில் உட்கார வேண்டும்; எஞ்சின் தலைக்கு மேலே! மொத்த எடை சுமார் 110 கிலோ. ஒன்றரை நெல் மூட்டை எடைதான்.

முதலில் இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் சிறிய எஞ்சினைப் பயன்படுத்தினார். பிறகு புகழ்பெற்ற கார் கம்பெனியான டாராக் செய்த எஞ்சினைப் பொருத்தினார். கார் எஞ்சினைக் குளிர்விக்க முன்புறம் கனத்த ரேடியேட்டர் இருக்குமல்லவா? அதற்குப் பதிலாக மெல்லிய செப்புக் குழாய்களை இறக்கையின் அடிப்பாகத்தில் வரிசையாகப் பதித்து, அவற்றினுள் தண்ணீரை ஓடவிட்டார். பறக்கும்போது வீசும் காற்றே அதைக் குளிர வைத்தது. 1909இல் இந்தத் தும்பி ஐந்து நிமிடத்தில் 8 கிலோ மீட்டர் பறந்தது.

இதைவிட அரிய செயல் ஒன்றைச் செய்தார். டெமோய்செல்லுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தார். 1910இல் அமெரிக்கப் பத்திரிகையான பாப்புலர் மெக்கானிக்ஸ் அவற்றை வெளியிட்டது. மற்றவர்கள் காப்புரிமைக்காக நீதிமன்றங்களில் போராடிக்கொண்டிருந்த காலம் அது! கிளெமான் பயார் என்னும் கார் கம்பெனி இதைச் செய்து விற்றது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற விமானி ரோலான் காரோஸ் இதில்தான் பறக்கக் கற்றார்.

கார் எஞ்சின் விமானத்துக்கு ஏற்றதா?

கார் எஞ்சினை அப்படியே எடுத்து விமானத்தில் வைத்துவிட முடியாது. காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் எஞ்சின் தன் முழு வலிமையையும் எப்போதாவதுதான் காட்டுகிறது. விமான எஞ்சினோ மேலே ஏறும்போது முழு வலிமையோடு தொடர்ந்து உழைக்க வேண்டும். ஆகவே விரைவில் சூடேறும். இக்காலக் கார் எஞ்சின் நிமிடத்துக்கு ஐந்தாயிரம் சுற்று வரை சுழலும். புரொபெல்லர் அவ்வளவு வேகமாகச் சுழன்றால் பயன் குறையும்; இடையில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். புரொபெல்லர் காற்றைப் பின்னே தள்ளும்போது எஞ்சின் தண்டை முன்னே இழுக்கிறது. இது நாம் இயக்க விதிகள் பாடத்தில் படிக்கும் நியூட்டனின் மூன்றாம் விதியே. அந்த இழுப்பைத் தாங்கும் பேரிங்கு வேண்டும். ஒரு பிளக் பழுதானாலும் எஞ்சின் நிற்காதிருக்க, விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் வைப்பது வழக்கம்.

இத்தனையும் அறிந்து செய்தவர்கள் வெற்றி பெற்றார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்பால் என்பவர் 1929இல் ஃபோர்டு காரின் எஞ்சினைக் கொண்டு சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வோக்ஸ்வேகன் காரின் எஞ்சின் பல சிறு விமானங்களில் ஏறியது. அதில் சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும். தண்ணீர் வேண்டாம், காற்றாலேயே குளிரும். 1907இல் டெமோய்செல்லில் இருந்த அமைப்பை இது நினைவூட்டுகிறதல்லவா?

நம் தமிழகமும் இதில் பின்தங்கிவிடவில்லை. டெமோய்செல் வரைபடங்கள் வெளியான அதே 1910இல், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்ற சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார்.

மாலைப் பொழுதில் இருள்

1910ஆம் ஆண்டு சாண்டோஸ் டூமோன் நரம்பு நோயால் பீடிக்கப்பட்டுப் பறப்பதை நிறுத்திவிட்டார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. கடற்கரையில் தொலைநோக்கியால் விண்மீன்களைப் பார்த்துவந்த அவரை ஜெர்மானிய ஒற்றர் என்று அண்டை வீட்டார் ஐயுற்றனர். போலீசார் வீட்டைச் சோதனையிட்டனர். எந்த நாட்டு மக்கள் அவரைத் தோளில் சுமந்து கொண்டாடினார்களோ, அந்த நாட்டிலேயே இந்த அவமானம்! மனம் நொந்து தம் காகிதங்களை எல்லாம் எரித்துவிட்டார்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. மனிதரை இணைக்கும் என்று அவர் நம்பிய விமானம் குண்டு வீசும் கருவியாயிற்று. 1926இல், போரில் விமானங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும்படி சர்வதேச சங்கத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. 1928இல் அவர் கப்பலில் தாயகம் திரும்பியபோது, அவரை வரவேற்கப் பறந்து வந்த கடல் விமானம் கண்ணெதிரே விழுந்து, அதிலிருந்த அனைவரும் மாண்டனர். 1932இல் பிரேசிலில் உள்நாட்டுப் போர் மூண்டு, சகோதரர்கள் மேல் சகோதரர்களே விமானத்திலிருந்து குண்டு வீசினர். நெடுநாள் நோயாலும் மனச்சோர்வாலும் வாடியிருந்த அவர், அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59.

இதை எழுதும்போது என் மனம் கனக்கிறது. மனச்சோர்வும் உடல் நோயைப் போல மருத்துவம் தேவைப்படும் ஒரு நோயே. விழும் கப்பலிலிருந்து பட்டம் விட்ட சிறுவர்களைக் கூவி அழைத்தவருக்கு, முதுமையில் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆள் இல்லாமல் போயிற்றே! நம் வீட்டிலோ வகுப்பிலோ யாராவது மனம் ஒடிந்திருந்தால், அந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டியவர்கள் நாமே. நமக்கே அந்நிலை வந்தால், வெட்கப்படாமல் கூவி அழைக்க வேண்டும். இறைவன் அவருடைய ஆன்மாவுக்கு இளைப்பாற்றி அருள்வாராக.

முடிவுரை

வரைபடங்களை அவர் பூட்டி வைத்திருந்தால் இவ்வளவு துன்பம் வந்திருக்காதே என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. அவர் ஒளித்து வைத்திருந்தாலும் போர் வெறியர்கள் வேறு வழியில் விமானம் செய்திருப்பார்கள். ஏழை மெக்கானிக்கின் கைக்கு மட்டும் அது எட்டாமல் போயிருக்கும். கத்தி செய்த கொல்லன்மேல் பழி இல்லை. அதைப் பிடித்த கையே பதில் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்த ஊர் இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. ரியோ டி ஜெனீரோவின் விமான நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம், கிடைத்த சிறு எஞ்சினை இகழாமல், அதன் எடையைக் குறைத்து, சோதித்துப் பார்த்து, பிறருக்கும் வாரி வழங்கிய அந்தப் பண்பே ஆகும்.

தோழியரே, நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் திறமை சிறியதாக இருக்கலாம். ஒன்றே முக்கால் குதிரைத்திறன்தான் இருக்கலாம். அதனால் என்ன? சோம்பலும் அச்சமுமாகிய வேண்டாத எடையைக் கழற்றி எறிவோம். கற்றதை ஒளிக்காமல் பகிர்வோம். கற்ற கல்வி யாரையும் காயப்படுத்தாதபடி காத்துக்கொள்வோம். தெருவில் ஓடிய எஞ்சினே வானில் ஏறியது என்றால், நாம் ஏற முடியாத உயரம் எது?